இரண்டு கிட் கார்சன்கள்

1849 நவம்பர். நியூ மெக்சிகோவின் வறண்ட வெளியில் ஒரு குதிரைப்படை ஜிகாரில்லா அப்பாச்சிகளின் கூடாரங்களைத் தேடிப் போகிறது. சான்டா ஃபே தடத்தில் வண்டியில் வந்துகொண்டிருந்த ஒயிட் என்ற வணிகரைக் கொன்றுவிட்டு, அவர் மனைவி ஆன் ஒயிட்டையும் குழந்தையையும் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். தடம் பார்த்துப் படைக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் கிட் கார்சன். கூடாரங்களை எட்டியபோது அந்தப் பெண் நெஞ்சில் அம்பு பாய்ந்து இறந்து கிடந்தாள். உடம்புச் சூடு இன்னும் தணியவில்லை. சிதறிக் கிடந்த சாமான்களுக்கு நடுவே ஒரு புத்தகம் கிடைத்தது. கிட் கார்சன் என்னும் மாவீரர் கூட்டம் கூட்டமாக எதிரிகளைச் சாய்க்கிற சாகசக் கதை அது.

கார்சனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1856இல் தன் வாழ்க்கையை இன்னொருவரிடம் வாயால் சொல்லி எழுதவைத்தபோது அந்தப் புத்தகத்தைப் பற்றியும் சொன்னார். அந்தப் பெண் அதைப் படித்திருப்பாள், கார்சன் பக்கத்தில்தான் இருக்கிறார், வந்து காப்பாற்றுவார் என்று நம்பிக் கும்பிட்டிருப்பாள் என்று நினைத்து நினைத்து அவர் வருந்தியிருக்கிறார்.

ஆள் உயிரோடு நடமாடும்போதே அவர்மேல் கதை ஏறிவிட்டது. கதையிலிருந்த கார்சன் எந்த நேரமும் வந்து சேர்ந்துவிடுவார். நிஜக் கார்சன் சற்றுப் பிந்தி வந்தார். மேற்கத்திய சாகசம் என்று உலகம் முழுக்கப் படிக்கப்படுகிற அந்தப் பெரிய மரபைப் புரிந்துகொள்ள இந்த ஒரு நிகழ்ச்சியைத்தான் நான் எப்போதும் முதலில் எடுத்துச் சொல்வேன்.

தமிழில் கதைக் கார்சனுக்கு நாற்பது வயது ஆகிறது. சிவகாசியில் 1984 ஜூலையில் ஆரம்பித்த லயன் காமிக்ஸ், மறுவருடம் ‘தலை வாங்கிக் குரங்கு’ என்ற கதையோடு டெக்ஸ் வில்லரை அறிமுகப்படுத்தியது. டெக்ஸின் கூடவே வருகிற நரைத்த தாடிக்கார நண்பர்தான் கிட் கார்சன். எதற்கெடுத்தாலும் புலம்புவார். ஊர் போய்ச் சேர்ந்தால் முதலில் கேட்பது தடித்த வறுத்த கறியும் மலைபோலக் குவித்த உருளைக்கிழங்கும். அதே 1984 ஜூலையில் ராணி காமிக்ஸும் வந்தது. அதில் பக் ஜோன்ஸ். அதற்கெல்லாம் முன்னால் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸ், பிற்பாடு சிஸ்கோ கிட்டையும் கேப்டன் டைகரையும் கொடுத்தது. 1987 வாக்கில் லக்கி லுக் வந்து சேர்ந்தார். எண்பதுகளில் வளர்ந்த பையன்கள் பலர் கோயம்புத்தூரைப் பார்ப்பதற்கு முன்பே அரிசோனாவைப் பார்த்துவிட்டார்கள்.

நான் வளர்ந்தது கேரளத்தின் சித்தூர்த் தாலுகாவில், வேலந்தாவளம் பக்கம். வீட்டில் கொங்குத் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், பள்ளியில் தமிழ்வழி. இப்போது அதே பகுதியில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். அன்று எங்களுக்குக் காமிக்ஸ் பொள்ளாச்சி பேருந்து நிலையக் கடைகளிலிருந்து வரும். பழைய இதழ் வேண்டுமானால் கோயம்புத்தூர் உக்கடம் பழைய புத்தகக் கடைகள்.

கொண்டுவந்து கொடுத்தவர் அப்பா. அவருக்கு மாட்டு வியாபாரம். பொள்ளாச்சிச் சந்தையில் பிடித்த உருப்படிகளைக் கோபாலபுரம் தாண்டி ஓட்டிவந்து வாணியங்குளம் சந்தைக்கு அனுப்புவார். துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுகிற ஆள். நான் படித்து முடித்த புத்தகத்தை ஒருநாள் எடுத்துப் புரட்டினார். மேய்ச்சல் வெளி முழுக்க மாடுகள் நிற்கிற ஒரு பெரிய படத்தில் விரலை வைத்தார்.

“ஏண்டா, இத்தன உருப்படிய ஓட்டீட்டுப் போறானே, எங்க தண்ணி காட்டுவான்?”

“தெரியலீங்கப்பா.”

“துப்பாக்கி புடிக்கறதையே காட்டறான். தண்ணி காட்டறத ஒரு எடத்துலயும் காணமே.”

அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. சாகசக் கதை தாண்டிப்போகிற இடமே வரலாற்றின் நடுப்பகுதி. உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபோது டெக்சாசில் நீண்ட கொம்பு மாடுகள் ஏராளமாகப் பெருகிக் கிடந்தன. அங்கே ஒரு மாடு நான்கு டாலர். வடக்கே நகரங்களில் அதே மாட்டுக்கு நாற்பது டாலர் வரை கிடைக்கும். ஆனால் ரயில் இருந்தது கன்சாசில். 1867இல் அபிலீன் என்ற ஊரில் மாடு ஏற்றுவதற்கென்றே ஜோசப் மக்காய் என்பவர் பட்டிகள் கட்டினார். அங்கே போய்ச்சேரும் பாதைக்கு சிஷோல்ம் தடம் என்று பெயர். ஒரு மந்தையில் இரண்டாயிரம், மூவாயிரம் மாடுகள். ஓட்டுகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். ஒரு நாளுக்குப் பத்து முதல் பதினைந்து மைல்தான் போவார்கள். விரட்டினால் மாடு இளைக்கும், இளைத்த மாட்டுக்கு விலை இல்லை. இந்தக் கணக்கு பொள்ளாச்சி வியாபாரிக்கும் தெரிந்த கணக்கு. தடமே ஆற்றுக்கு ஆறு பார்த்துப் போட்ட தடம். மாடு தாகத்தில் மிரண்டால் ஒருவராலும் பிடிக்க முடியாது. இரவில் இரண்டு பேர் மந்தையைச் சுற்றிக் குதிரையில் மெல்ல வந்துகொண்டே, மாடு கலையாமல் இருப்பதற்காகத் தாழ்ந்த குரலில் பாடுவார்கள். கௌபாய் என்றால் துப்பாக்கிச் சண்டை என்று நினைக்கிறோம். அவன் வேலை நேரத்தில் பெரும்பகுதி இந்தப் பாட்டும் புழுதியும்தான். மாதச் சம்பளம் முப்பது, நாற்பது டாலர்.

அவர்களில் நான்கில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பது வரலாற்றாளர்களின் கணிப்பு. மெக்சிகோக்காரர்களும் ஏராளம். கயிறு வீசுவது, சூடு போடுவது, மந்தை திருப்புவது என்று தொழிலின் நுணுக்கங்களைக் கற்றுக்கொடுத்ததே மெக்சிகோக்காரர்கள். ஹாலிவுட் பல பத்தாண்டுகள் இவர்களைப் படத்திலிருந்து எடுத்துவிட்டது. டாட்ஜ் சிட்டி போன்ற மாட்டு நகரங்களில் ஊருக்குள் துப்பாக்கி தரிக்கத் தடை இருந்தது என்பதையும் படங்கள் காட்டுவதில்லை.

இந்தக் காலம் முழுவதையும் சேர்த்தால் இருபது வருடம்கூடச் சரியாக வராது. ஜோசப் கிளிடன் என்ற இல்லினாய் விவசாயி 1874இல் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். திறந்த மேய்ச்சல் வெளியைக் கம்பி துண்டுதுண்டாக வெட்டியது. 1886-87 குளிர்காலத்தின் பனியில் லட்சக்கணக்கான மாடுகள் நின்ற இடத்திலேயே செத்தன. இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டு சொன்னபோது அப்பா கவனமாகக் கேட்டார். முள்கம்பியைப் பற்றிச் சொன்னதும், “அது போட்டா ஓட்டுத்தடம் போச்சு” என்றார். அவர் பார்த்த ஓட்டுத்தடங்களும் அப்படித்தான் போயின.

மறுபடி கார்சனுக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் என் மனம் அதிகம் தங்குவது இங்கேதான்.

காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் டெக்சாஸ் ரேஞ்சர் மட்டுமல்ல, நவஹோ பழங்குடியின் தலைவர். அவர்கள் வைத்த பெயர் இரவுக் கழுகு. மனைவி லிலித் நவஹோப் பெண். மகன் கிட் வில்லர் பாதி நவஹோ. நிழல்போலத் தொடர்கிற டைகர் ஜாக்கும் நவஹோ. இந்தக் குடும்பத்துக்கு உயிர் நண்பர் கிட் கார்சன்.

வரலாற்றில் நவஹோக்கள் மறக்க முடியாத பெயரும் கிட் கார்சன்தான், வேறு காரணத்துக்காக. 1863இல் ஜெனரல் ஜேம்ஸ் கார்ல்டன் நவஹோக்களை அவர்கள் நிலத்தைவிட்டு அகற்ற உத்தரவிட்டார். களத்தில் இறங்கி நடத்தியவர் கார்சன். பெரிய போர் எதுவும் நடக்கவில்லை. சோளக்காடுகளை எரித்தார்கள். ஆட்டு மந்தைகளைப் பிடித்தார்கள். கிணறுகளையும் குடில்களையும் அழித்தார்கள். கேன்யன் டி ஷே என்ற செம்பாறைப் பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாக வளர்த்த பீச் பழத்தோட்டங்கள் இருந்தன. 1864இல் அந்த மரங்களையும் வெட்டிச் சாய்த்தார்கள். பசி தாங்காமல் சரணடைந்தவர்களை நியூ மெக்சிகோவின் கிழக்கே போஸ்க் ரெடோண்டோவுக்கு நடத்திக்கொண்டு போனார்கள். ஏறக்குறைய முந்நூறு மைல். எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நடந்தார்கள். நடக்க முடியாத கிழவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் வழியிலேயே விழுந்தார்கள். நெடுநடை என்று நவஹோக்கள் இன்றும் அதைச் சொல்கிறார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் ஆற்றுத் தண்ணீர் உவர்ப்பு, விளைச்சலைப் புழு தின்றது, நோயில் நூற்றுக்கணக்கில் மடிந்தார்கள். கடைசியில் 1868 ஜூன் 1 அன்று ஒப்பந்தம் கையெழுத்தாகித் தங்கள் மண்ணுக்கே திரும்பினார்கள். வெளியேற்றப்பட்ட பழங்குடி சொந்த நிலத்துக்குத் திரும்பியது அமெரிக்க வரலாற்றில் அபூர்வம். இன்றைய நவஹோ நிலம் ஏறக்குறைய 71,000 சதுர கிலோமீட்டர். கேரளத்தைவிடப் பெரியது. அந்த ஒப்பந்தத்துக்குச் சில நாள்கள் முன்பு, மே மாதத்தில், கார்சன் இறந்துபோயிருந்தார்.

இவரைக் கொடியவர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடவும் முடியாது. முதல் மனைவி அரபஹோ பழங்குடிப் பெண். பல பழங்குடி மொழிகளைச் சரளமாகப் பேசினார். பழங்குடிகளோடு சாப்பிட்டு, தூங்கி, வேட்டையாடி வாழ்ந்தவர். அந்த நெருக்கம்தான் அவரை நல்ல வழிகாட்டியாக்கியது. அதே நெருக்கம்தான் எந்த வயலை எப்போது எரித்தால் ஒரு சமூகம் பணியும் என்பதையும் அவருக்குக் காட்டியது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகும் டெக்ஸ் படிக்கிறீர்களா என்று கேட்பவர்கள் உண்டு. படிக்கிறேன், மதிப்போடு படிக்கிறேன். டெக்ஸை உருவாக்கியவர்கள் இத்தாலியர்கள். ஜியான்லூயிஜி பொனெல்லி கதை எழுத, அவுரேலியோ கலெப்பினி வரைய, 1948 செப்டம்பர் 30 அன்று மிலானில் முதல் இதழ் வந்தது. சிவப்பிந்தியர் என்றாலே கூச்சலிட்டுக் குதிரையிலிருந்து விழுகிறவர்கள் என்று பெரும்பாலான படங்கள் காட்டிக்கொண்டிருந்த காலம். அப்போது ஒரு நாயகனைப் பழங்குடிப் பெண்ணுக்கு மணமுடித்து, பழங்குடித் தலைவனாக்கி, அவர்கள் பக்கம் நின்று படைத்தளபதிகளையும் பேராசைக்கார வணிகர்களையும் எதிர்க்கவைத்தார் பொனெல்லி. லிலித் எப்படி இறக்கிறாள் தெரியுமா? அம்மை நோய்க் கிருமி ஏறிய கம்பளிகளை வணிகர்கள் பழங்குடிகளுக்குக் கொடுக்க, அந்த நோயில் இறக்கிறாள். இதைப் படிக்கிற பையன் கற்பனை என்று நினைப்பான். ஆனால் 1763இல் பிட் கோட்டையில் அம்மை மருத்துவமனையிலிருந்து எடுத்த இரண்டு கம்பளிகளையும் ஒரு கைக்குட்டையையும் டெலவேர் பழங்குடித் தூதர்களிடம் கொடுத்ததாக, கோட்டையிலிருந்த வில்லியம் ட்ரெண்ட் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். காமிக்ஸ் ஒரு பக்கம் வரலாற்றை மாற்றுகிறது, இன்னொரு பக்கம் பாடப்புத்தகம் சொல்லாததைச் சொல்கிறது. இரண்டையும் பிரித்தறிய வாசகருக்குப் பக்கத்தில் இன்னொரு புத்தகம் வேண்டும். என் வாதமே இதுதான்: சாகசத்தையும் வரலாற்றையும் நாவலையும் தனித்தனி அலமாரியில் வைக்காதீர்கள், சேர்த்துப் படியுங்கள்.

எல்லை என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கு வெளிநாட்டுச் சங்கதி அல்ல. சித்தூர் கொச்சி ராஜ்ஜியத்துக்குச் சொந்தமாக இருந்த நிலம். ஆனால் கொச்சியோடு ஒட்டாமல் பிரிட்டிஷ் மாவட்டங்களுக்கு நடுவே தனியாகக் கிடந்தது. பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிற பெரிய திறப்பு. அதன் வழியாகக் காற்றும் மாடும் படையும் வணிகரும் எந்தக் காலத்திலும் வந்துபோயிருக்கிறார்கள். கும்ப மாதத்தில் சித்தூர் பகவதி கோயிலில் கொங்கன்படை என்ற விழா நடக்கும். கொங்கு அரசன் படையெடுத்து வந்தான், ஊர்மக்கள் பகவதியை வேண்டினார்கள், அவள் இறங்கி வந்து படையை வென்றாள் என்பது ஐதீகம். போர் அறிவிப்பை ஓலையாக வாசிப்பார்கள், வேடம் கட்டுவார்கள். நான் சிறுவயது முதல் விரும்பிப் பார்க்கிற விழா. வேடிக்கை பார்க்கிற கூட்டத்தில் கணிசமானவர்கள் வீட்டில் பேசுவது கொங்குத் தமிழ். கதையில் தோற்கிற படையின் மொழி.

எட்டாம் வகுப்பில் மேற்கத்திய எல்லையைப் பற்றிப் பேசும்போது இதையும் எடுத்துவைத்தேன். கொங்கு நாட்டில் இந்தப் போரை எப்படிக் கதையாகச் சொல்லியிருப்பார்கள் என்று கேட்டேன். ஒரு பிள்ளை எழுந்து சொன்னாள்: “அங்க இந்தக் கதையே இருக்காதுங்க சார்.”

அந்தப் பதில் ஃபிரெடரிக் ஜாக்சன் டர்னருக்குக் கிடைத்திருக்க வேண்டும். 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சியை ஒட்டி நடந்த வரலாற்றாளர் மாநாட்டில், அமெரிக்காவின் குணத்தை உருவாக்கியது மேற்கு எல்லைதான், அந்த எல்லை இப்போது முடிந்துவிட்டது என்று அவர் கட்டுரை வாசித்தார். அதே சமயம் கண்காட்சி மைதானத்துக்கு வெளியே பஃபலோ பில் கொட்டகை போட்டு, குதிரைகளும் பழங்குடிகளுமாக அந்த எல்லையைக் காசு வாங்கி நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கதையிலும் வெள்ளைக்காரர்கள் மேற்கே போகிறார்கள். அங்கே ஏற்கெனவே இருந்தவர்கள் தங்கள் கதையாக எதையும் சொல்ல இடமில்லை. அந்த இடத்தை 1970இல் டீ பிரவுன் என்ற நூலகர் திறந்தார். ‘பரி மை ஹார்ட் அட் வூண்டட் நீ’ என்ற அவர் நூல் 1860 முதல் 1890 வரையிலான முப்பது வருடங்களை ஒப்பந்தப் பேச்சுகளிலும் அரசு ஆவணங்களிலும் பதிவான பழங்குடித் தலைவர்களின் சொற்களை வைத்துச் சொல்கிறது. நெடுநடைக்கு அதில் தனி அத்தியாயம் உண்டு. கார்சனை மட்டும் விரிவாகத் தெரிந்துகொள்ள ஹாம்ப்டன் சைட்ஸ் 2006இல் எழுதிய ‘பிளட் அண்ட் தண்டர்’ போதும். ஆன் ஒயிட் கதை அதில் முழுமையாக இருக்கிறது.

நாவல், சிறுகதைப் பக்கம் போனால் ஓ. ஹென்றியிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். பள்ளிப் பாடத்தால் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த பெயர். இளவயதில் டெக்சாசில் ஒரு ஆட்டுப் பண்ணையில் வாழ்ந்தவர். சிஸ்கோ கிட் அவர் படைப்பு என்று சொன்னால் காமிக்ஸ் வாசகர்களே ஆச்சரியப்படுகிறார்கள். 1907இல் வெளியான ‘தி கபலெரோஸ் வே’ என்ற சிறுகதையில் வருகிறான். அங்கே அவன் ஏழைகளுக்கு இரங்குகிற கனவான் இல்லை. கொலைகாரன். தன்னைக் காட்டிக்கொடுக்க நினைத்த காதலியை ரேஞ்சரின் கையாலேயே சாகவைக்கிறவன். திரைப்படமும் படக்கதையும் சேர்ந்து அவனை நல்லவனாக்கின. ஒரு பாத்திரம் கை மாற மாற எப்படிக் கழுவப்படுகிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. கார்சனுக்கு நடந்ததும் இதுவே.

ஃபெனிமோர் கூப்பரின் ‘தி லாஸ்ட் ஆஃப் தி மோஹிகன்ஸ்’ 1826இல் வந்த நூல். நடை கனம், பொறுமை வேண்டும். கடைசி மோஹிகன் என்று தலைப்பே சொன்னாலும் அந்த இனத்தின் வழிவந்தவர்கள் விஸ்கான்சினில் இன்றும் வாழ்கிறார்கள். மார்க் ட்வைன் நெவாடாவின் சுரங்க ஊர்களில் அலைந்த அனுபவத்தை ‘ரஃபிங் இட்’டில் எழுதினார், 1872இல். கோஷூட் பழங்குடிகளை அவர் இகழ்ந்து எழுதிய பக்கங்களைப் படிக்க எனக்கு வலிக்கும். அதே கை பன்னிரண்டு வருடம் கழித்து ஹக்கிள்பெரி ஃபின்னையும், தப்பியோடும் அடிமை ஜிம்மையும் ஒரே தெப்பத்தில் ஏற்றியது என்பதையும் சேர்த்துத்தான் அவரை அளக்க வேண்டும்.

ஜாக் லண்டனைத் தமிழில் தாராளமாகப் படிக்கலாம். 1903இல் வந்த அவரது ‘தி கால் ஆஃப் தி வைல்ட்’ நாவலைப் பெரியசாமித் தூரன் ‘கானகத்தின் குரல்’ என்று மொழிபெயர்த்தார். தமிழின் முதல் கலைக்களஞ்சியத்துக்குத் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்த அதே தூரன். ஈரோடு மாவட்டத்துக் கிராமத்துக்காரர். கனடாவின் யூகான் பனியில் வண்டி இழுக்கிற நாயின் கதையைக் கொங்கு நாட்டுக்காரர் ஒருவர் தமிழுக்குக் கொண்டுவந்தார் என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

ஆகஸ்ட் மாதம் ஈரோடு புத்தகத் திருவிழா நடக்கும்போது லயன்-முத்து வாசகர்கள் அங்கே கூடுவார்கள். நரைத்தவர்களும் பேரப்பிள்ளைகளோடு வந்தவர்களும் இருப்பார்கள். 2015இல் கேப்டன் டைகரின் ‘மின்னும் மரணம்’ கனத்த தொகுப்பாக வந்தபோது அதைக் கையில் வாங்கிய முகங்களை நான் பார்த்திருக்கிறேன். டைகரை வரைந்த பிரெஞ்சுக்காரர் ழான் ழிரோ இளவயதில் சில மாதங்கள் மெக்சிகோவில் தாயோடு இருந்தவர். அந்தப் பாலைவனம்தான் அவர் கோடுகளில் கடைசிவரை நின்றது. கையில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தகும், அப்படி வரைந்திருக்கிறார்.

வகுப்பில் கேட்கிற பிள்ளைகளுக்கு நான் முதலில் தருவது ஒரு டெக்ஸ் கதை. அது முடிந்ததும் ‘கானகத்தின் குரல்’. மேல்வகுப்புக்குப் போய் ஆங்கிலம் கைவந்த பிறகு டீ பிரவுன். சித்தூர் அரசுக் கல்லூரியில் படிக்கிற பழைய மாணவர்கள் வந்து கேட்டால் ஸ்காட் மொமடேயின் ‘ஹவுஸ் மேட் ஆஃப் டான்’ தருகிறேன். மொமடே கயோவா பழங்குடியைச் சேர்ந்தவர். பெற்றோர் இருவரும் பள்ளி ஆசிரியர்கள். அவர்கள் வேலை பார்த்த ஊர்களில், நவஹோக்களுக்கும் புவெப்லோ மக்களுக்கும் நடுவே வளர்ந்தார். போரிலிருந்து திரும்பி ஊரிலும் ஒட்டாமல் நகரத்திலும் ஒட்டாமல் தவிக்கிற ஒரு பழங்குடி இளைஞனின் கதை அது. 1968இல் வெளியாகி மறுவருடம் புலிட்சர் பரிசு பெற்றது. தலைப்பே ஒரு நவஹோச் சடங்குப் பாடலிலிருந்து எடுத்தது. அதில் குதிரைத் துரத்தல் கிடையாது, ரேஞ்சர் கிடையாது. அரிசோனாவையும் நியூ மெக்சிகோவையும் காமிக்ஸில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த மலைகளும் செம்மண்ணும் முதல் பக்கத்திலேயே அடையாளம் தெரிந்துவிடும், அங்கே காலம்காலமாகக் குடியிருக்கிறவர் பேசுவது மட்டும் புதிதாகக் கேட்கும்.